டாம் காலின்ஸ்: ஜின், எலுமிச்சை, சோடா... அளவுதான் முக்கியம்!

``டாம் காலின்ஸைப் பார்த்தீங்களா? பக்கத்து பார்ல உட்கார்ந்து உங்களைப் பத்தித் தாறுமாறா பேசிட்டிருக்கான்!''

1874-ல் நியூயார்க்கில் பரவிய குறும்பு இது. கோபத்தோடு பார் பாராக ஏறி இறங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான். ஏன்னா, அப்படி ஓர் ஆளே கிடையாது! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1876-ல் ஜெர்ரி தாமஸ் என்ற பார்டெண்டரின் புத்தகத்தில் அதே பெயரில் ஒரு காக்டெயில் இடம்பிடித்தது. `ஓல்டு டாம்' என்ற இனிப்பு வகை ஜின்னிலிருந்து பெயர் வந்தது என்பவர்களும் உண்டு.

தேவையானவை

* ஜின் - 45 மி.லி
* எலுமிச்சைச் சாறு - 30 மி.லி
* சர்க்கரை சிரப் - 15 மி.லி
* சோடா - 60 மி.லி
* ஐஸ் கட்டிகள் - தேவையான அளவு

எப்படிச் செய்வது?

சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு எடுத்து, சூடாக்கிக் கரைத்து ஆறவைத்தால் சிரப் ரெடி. சர்க்கரையை நேரடியாகப் போட்டால் ஜில்லென்ற பானத்தில் கரையாமல் அடியில் தங்கிவிடும். உயரமான கிளாஸில் ஐஸ் கட்டிகளை நிரப்பி, ஜின், சாறு, சிரப் மூன்றையும் ஊற்றிக் கலக்குங்கள். கடைசியாக சோடா. அதன்பிறகு ஒரே ஒரு முறை மெதுவாகக் கிளறினால் போதும். வேகமாகக் கலக்கினால் கேஸ் போய்விடும். மேலே ஓர் எலுமிச்சைத் துண்டு. அவ்ளோதான்!

எந்த எலுமிச்சை?

மேலே சொன்ன 30 மி.லி, பெரிய மஞ்சள் `லெமன்' பழத்துக்கான கணக்கு. நம்மூர்ச் சின்ன எலுமிச்சை `லைம்' வகை. லேசான கசப்பும் சேர்ந்து வரும். அதனால் 20 மி.லி-யில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். பாட்டில் ஜூஸ் வேண்டாம். அப்போதே பிழிந்ததுதான் மணக்கும்.

ஜூஸ் இல்லை பாஸ்!

புளிப்பும் இனிப்பும் ஜின்னின் காரத்தை மறைத்துவிடும். குடிக்கும்போது லெமன் சோடா மாதிரிதான் இருக்கும். ஆனால், 42.8% ஜின் என்றால் ஒரு கிளாஸிலேயே சுமார் 19 மி.லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5% பீர் 330 மி.லி-யில் இருப்பதைவிட இது அதிகம். வண்டி ஓட்டுபவர்களுக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் எல்லை, 100 மி.லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பலருக்கு ஒரே கிளாஸ் அதைத் தாண்டவைத்துவிடும். அதனால் கண் மதிப்பில் ஊற்றாமல் அளந்தே ஊற்றுங்கள். குடித்தால் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

(மது, உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும்.)