கலைக்களஞ்சியமும் நம் கரையோர ஊர்களும்

தமிழில் கலைக்களஞ்சியம் காணும் முயற்சி நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902-இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இலும் வெளிவந்தன. பின்னர், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. நம் சமுதாயத்திற்கெனத் தொண்டி தந்த மர்ஹூம் எம்.ஆர்.எம். அப்துற்றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தளித்தார்கள்.

இவையாவும் அறிஞர் சிலர் எழுத, மற்றையோர் படித்தவை. 2003-இல் இணையத்தில் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவோ எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் ஏற்பாட்டில் அமைந்தது. அமீரகத்தில் பணியாற்றிய இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், தொடக்க நாள்களில் ஏறக்குறையத் தனியாளாக நின்று அதனை வளர்த்தார். 2017-இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின.

இதில் நம் ஊர்கள் எங்ஙனம் இடம்பெறும்? புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சமஸ்தான காலத்தில் கே.ஆர். வெங்கடராம அய்யர் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான ஆவண நூல் 1938-க்கும் 1944-க்கும் இடையே வெளியாயிற்று. ஆனால் அந்தச் சமஸ்தானத்திற்குக் கடற்கரையே கிடையாது. கோட்டைப்பட்டினமும் அம்மாப்பட்டினமும் அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவை; 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இதனுடன் இணைந்தன. ஆகவே திருமயத்தை அடுத்த காட்டுபாவா பள்ளிவாசல் சமஸ்தான எல்லைக்குள் இருக்க, கரையோர முஸ்லிம் ஊர்கள் அதற்கு வெளியே நின்றுவிட்டன. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய முனைவர் ஜெ. ராஜா முகமது அவர்கள் மாவட்ட வரலாற்றையும், சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றையும் நூலாக்கியிராவிடில், இன்று எழுதப் புகுவோர் கைவிளக்கின்றித் தடுமாறுவர்.

ஏனெனில், விக்கிப்பீடியா வாய்மொழியை ஏற்பதில்லை. கப்பலேறிப் பினாங்கு சென்ற பாட்டனாரைப் பற்றி நன்னியம்மா சொன்னார் என்றால் போதாது. நம்பத்தக்க வெளியீடு ஒன்றில் அச்செய்தி முன்பே வந்திருக்கவேண்டும். சொந்த ஆய்வையும் அங்கே நேரே எழுதலாகாது. இது கொடுமை என்று நம்மவர் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சங்கிலித் தொடராக அறிவிப்பாளர் பெயரைக் கேட்டபின்னரே ஹதீஸை ஏற்ற இமாம்களின் வழிவந்தோர், சான்று கேட்பவரிடம் சினங்கொள்வது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

குறை நம் பக்கத்தில்தான் மிகுதி. பள்ளிவாசல் திறப்பு விழா மலரைப் புரட்டினால் நன்கொடையாளர் படங்களும் வாழ்த்துரைகளும் பக்கம் பக்கமாக வரும். பழைய பள்ளி எந்த ஆண்டில் எழுந்தது என்ற வரியை மட்டும் காணோம். வக்ஃபுப் பத்திரமும் ஜமாஅத் கணக்கேடும் பெட்டியில் செல்லரிக்கின்றன. கப்ருஸ்தானைச் சீரமைக்கிறோம் என்று எழுத்துப் பொறித்த மீசான் கற்களைப் பெயர்த்தெறிகிறோம்.

அடுத்த மலரைத் தொகுப்போர் வாழ்த்துரையில் நான்கு பக்கங்களைக் குறைத்து, அவ்விடத்தில் மீசான் கற்களின் படத்தையும் வாசகத்தையும், பத்திரத்தின் நாளையும், முதியோர் உரைத்ததை உரைத்தவர் பெயருடனும் அச்சிடட்டும். மலரின் படியொன்றைப் புதுக்கோட்டை ஞானாலயா போன்ற நூலகத்தில் சேர்க்கட்டும். அதன்பின் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளை எவரேனும் அதைச் சான்றாகக் காட்டி ஊர்க் கட்டுரையை எழுதத் தொடங்கலாம்.