ஜப்பானியப் போர்வாள்: மெய்யும் போலியும்

மாணவர்களே,

பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்று அறிவது நம் நாட்டு வழக்கம். வரலாற்றுச் சான்றுகளுக்கும் அத்தகைய உரைகல் வேண்டும். செப்பேடாயினும், நாணயமாயினும், ஓலைச்சுவடியாயினும், “இது மெய்யா, போலியா?” என்று கேட்ட பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த நான், அக்கேள்வியைக் கேட்கும் முறையை விளக்க இன்று ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினர் அணிந்த வாளே அப்பொருள். உலகெங்கும் அதனை விரும்பிச் சேகரிப்போர் பலர். விரும்புவோர் பெருகினால் விலை பெருகும். விலை பெருகினால் போலியும் பெருகும்.

முதலில் அவ்வாளின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1876ஆம் ஆண்டில் மெய்ஜி அரசாங்கம், படை அலுவலர், காவலர் போன்றோர் தவிர ஏனையோர் பொது இடங்களில் வாள் அணிதலாகாது என்று ஆணையிட்டது. சாமுராய் வகுப்பினரின் தனியுரிமை அத்துடன் மறைந்தது. படை அலுவலரோ ஐரோப்பிய முறையில் பிடி அமைந்த வாளை ஏந்தலாயினர். நாட்டில் போர் மனப்பான்மை வளர்ந்த காலத்தில், 1934இல், பழைய சாமுராய் வாளின் தோற்றத்தைப் பின்பற்றிப் புதிய வாள் ஒன்று தரைப்படை அலுவலருக்கு வகுக்கப்பட்டது. அதனை ‘ஷின் குந்தோ’, அதாவது புதிய படைவாள், என்பர். 1935இல் அலுவலர் நிலைக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களுக்கு மற்றொரு வகையும், 1937இல் கடற்படைக்கு வேறொரு வகையும் அமைந்தன.

இங்கே ஒரு செய்தியை மனத்திற் கொள்ளுங்கள். இப்படைவாள்களின் அலகுகள் மூவகைப்பட்டவை. பாட்டன் பூட்டன் காலத்துப் பழைய அலகைப் படைக்குரிய பிடியிலும் உறையிலும் பொருத்தியது ஒரு வகை. அக்காலத்துக் கொல்லர் மரபு முறைப்படி எஃகை மடித்து மடித்து அடித்து உருவாக்கியது இரண்டாம் வகை. டோக்கியோவில் யாசுகுனி ஆலயத்தில் 1933 முதல் 1945 வரை இயங்கிய உலைக்களத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 வாள்கள் இவ்வாறு பிறந்தன. தொழிற்சாலையில் செய்தது மூன்றாம் வகை. இம்மூன்றும் மெய்யான படைவாள்களே. பழையது மட்டுமே மெய், பொறியில் செய்தது போலி என்று கருதுதல் பிழை. ஒரு பொருள் தன்னை எதுவென்று கூறுகிறதோ, அதுவாகவே இருத்தலே மெய்ம்மை.

இனி ஆராயும் முறைக்கு வருவோம். புறத்திலிருந்து அகத்திற்குச் செல்லுதல் நலம். அலுவலரின் வாட்பிடி மரத்தால் ஆயது. அதன்மேல் சொரசொரப்பான திருக்கை மீன் தோலைப் போர்த்தி, அத்தோல் இடையிடையே தெரியுமாறு நாடாவை இறுகச் சுற்றியிருப்பர். போலியிலோ, பெரும்பாலும் தோலுக்குப் பதிலாகப் புள்ளிகள் அச்சிட்ட பிளாஸ்டிக் இருக்கும். நாடாவும் விரல் பட்டால் நகரும். பிடியிலே தொங்கும் குஞ்சத்தின் நிறம் அணிந்தவர் பதவியைக் காட்டும். தளபதிகளுக்குரியது சிவப்பும் பொன்னிறமும் கலந்தது. ஆயினும் குஞ்சத்தை எவரும் எளிதில் மாற்றிக் கட்டலாமாதலின் அதனை உறுதியான சான்றாகக் கொள்ளலாகாது.

1935ஆம் ஆண்டு வகையைச் சோதிப்பது வேறு விதம். அதன் பிடி உலோகத்தை வார்த்துச் செய்தது. நாடா சுற்றியது போன்ற வடிவத்தை வார்ப்பிலேயே அமைத்து வண்ணம் பூசினர். போரின் இறுதியில் உலோகம் அருகவே மரப்பிடிகளும் வந்தன. ஒவ்வொரு வாளின் அலகிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டது. உறையிலும் அதே எண் இருக்கும். சோதித்தவரின் சிறு முத்திரைகளும் பிடியில் காணப்படும். போலி செய்வோர் ஒரே அச்சைப் பயன்படுத்துவதால், ஒரே எண் ஒரே முத்திரைகளோடு பல வாள்களில் தோன்றுவதுண்டு. ஓர் எண் ஒரு வாளுக்கு என்பதே தொழிற்சாலையின் ஒழுங்கு. அவ்வொழுங்கை அறியாதவன் அதனைப் பின்பற்ற இயலாது.

அடுத்து அலகைப் பாருங்கள். மரபுக் கொல்லன் அலகின் முதுகில் களிமண் கலவையைத் தடித்தும், கூர்ப்புறத்தில் மெல்லியதாகவும் பூசி, காய்ச்சி, நீரில் தோய்ப்பான். மெல்லிய பூச்சுள்ள இடம் விரைவில் குளிர்ந்து மிகக் கடினமாகும். தடித்த இடம் சற்று மெதுவாகக் குளிர்ந்து வளையுந்தன்மை பெறும். இரண்டும் சந்திக்கும் எல்லையில், மூடுபனி போன்று வெண்மையான ஒரு வரி தோன்றும். ஒளியிற் சாய்த்துப் பார்த்தால் அதனுள் நுண்ணிய மணிகள் மின்னும். போலி செய்வோர் அமிலத்தாலோ சாணைச் சக்கரத்தாலோ அத்தகைய வரியை வரைந்துவிடுவர். அது சுவரில் தீட்டிய கோடு போல மேலோட்டமாகவே நிற்கும்.

ஆனால், தலைசிறந்த சான்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உள்ளது. அலகின் அடிப்பகுதி பிடிக்குள்ளே மறைந்திருக்கிறது. அதனைக் காம்பு என்று சொல்லலாம். ஒரு சிறு மூங்கில் ஆணி அதனைப் பிடியோடு இணைக்கிறது. ஆணியைக் கழற்றிப் பிடியை நீக்கினால் கொல்லனின் பெயரும், சிலபோது செய்த ஆண்டும் காணலாம். ஆண்டு, பேரரசரின் ஆட்சியாண்டாக எழுதப்பட்டிருக்கும். ஷோவா ஆட்சியாண்டுடன் 1925ஐக் கூட்டுக. ஷோவா 17 என்பது 1942. படைத்துறை ஏற்றுக்கொண்ட மரபுக் கொல்லரின் வேலையென்றால் விண்மீன் முத்திரையும் இருப்பதுண்டு. அரத்தால் இழைத்த கோடுகள் ஒழுங்காகச் சாய்ந்திருக்கும்.

அனைத்திற்கும் மேலாக, துருவைக் கவனியுங்கள். முந்நூறு ஆண்டுக் காம்பில் துரு கருமையும் பழுப்புமாக வழவழப்பாகப் படிந்திருக்கும். போர்க்காலத்துக் காம்பில் அது மெல்லியதாகவும், அரத்தின் கோடுகள் இன்னும் கூர்மையாகவும் இருக்கும். அமிலம் ஊற்றி வரவழைத்த துருவோ செம்மஞ்சளாகிக் கையில் ஒட்டும். எனவே காம்பில் உள்ள துருவைத் துடைத்து மினுக்குவோர், சாட்சியின் வாயை அடைப்பவராவர். ஆர்வத்தால் எண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்து, மெய்யான வாளையே ஐயத்திற்கு உள்ளாக்கியவர் பலர்.

பெயர் இருப்பதாலேயே முடிவு செய்யவும் கூடாது. புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பிறர் வாளில் வெட்டும் வழக்கம் ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. அதனாலேயே ஹோன்-அமி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாளை ஆராய்ந்து சான்றிதழ் அளிக்கும் பணியை மேற்கொண்டனர். பெயரை வேலைத்திறத்தோடு ஒப்பிட்டு நோக்குவதே அவர்கள் முறை.

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது எண்ணற்ற வாள்கள் பறிமுதலாகி அழிந்தன. அறிஞர் ஹொன்மா ஜுன்ஜி முதலியோர் நேச நாட்டு அதிகாரிகளிடம் வாதாடியதால் கலைச்சிறப்புடையவை காப்பாற்றப்பட்டன. இன்றும் அந்நாட்டில் மரபு முறையில் செய்த வாளையே பதிவு செய்து வைத்திருக்கலாம். தொழிற்சாலை வாளுக்கு அவ்வுரிமை இல்லை. வேறு பல வாள்களை வென்ற படையினர் தத்தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். தென்கிழக்காசியாவில் ஜப்பானியப் படைகளின் தலைவராயிருந்த தெராவுச்சி, 1945 நவம்பர் 30ஆம் நாள் சைகோனில் தம் வாள்களை மௌண்ட்பேட்டனிடம் ஒப்படைத்தார். அதற்கு எழுத்துச் சான்றுகள் உள்ளன. ஆனால் கடையில் விற்கும் ஒவ்வொரு வாளுக்கும் ஒரு தளபதியின் கதை சொல்லப்படுகிறது. வாளை ஒரு முறையும், அதனோடு வந்த கதையைத் தனியே மற்றொரு முறையும் சோதிக்க வேண்டும். மெய்யான வாள் பொய்யான கதையைச் சுமந்து வரக்கூடும்.

இஃது ஏதோ அயல்நாட்டார் சேகரிப்பு விளையாட்டு என்று எண்ணற்க. அவ்வாளேந்தியவர் மலாயாவை ஆண்ட காலத்தில், தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நோயாலும் பசியாலும் அங்கே மாண்டவர் மிகப் பலர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் தொழிலாளருள் பெரும்பாலோருக்குப் பெயர் தாங்கிய கல் ஒன்றும் இல்லை. அக்காலத்துச் சான்றுகள் அத்தனை அருமையானவை. போலிப் பொருளும் போலிக் கதையும் அவற்றிடையே புகுந்தால், மெய்யாகத் துன்புற்றவரின் வரலாறும் ஐயத்திற்கு இடமாகிவிடும்.

ஆகவே மாணவர்களே, எப்பொருள் உங்கள் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை எவ்வாறு செய்தனர்? எக்காலத்தில் செய்தனர்? எவ்வழியாக இங்கு வந்தது? விடை கிடைக்கும்வரை புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. போலி செய்வோன் நாம் பார்க்கும் இடத்தை அழகு செய்கிறான். காலமோ நாம் பாராத இடத்திலும் எழுதிச் செல்கிறது. அவ்வெழுத்தைப் படிக்கக் கற்பதே வரலாற்றுக் கல்வியின் தொடக்கம்.