லினக்ஸ் கணினிகளில் விளையாட்டு நேரலை: தடைகளும் தீர்வுகளும்

இணையம் வழியாக நேரலையாக ஒளிபரப்பாகும் விளையாட்டுப் போட்டிகளை லினக்ஸ் இயங்குதளத்தில் காண முயன்றவர்கள், 1990களின் இறுதி முதல் பல தடைகளை எதிர்கொண்டனர். திரை கருப்பாக நிற்பது, படம் விட்டுவிட்டு ஓடுவது, ஒலி பிசகுவது ஆகிய மூன்றும் எல்லாக் காலத்திலும் காணப்பட்ட அறிகுறிகள். ஆனால் அவற்றின் காரணம் காலத்துக்குக் காலம் மாறியது. முதலில் கோப்பு வடிவம், பின்னர் உலாவியின் செருகுநிரல், அதன்பின் உரிமைப் பூட்டு, அண்மையில் வரைகலை அட்டை எனத் தடை இடம் மாறிக்கொண்டே வந்தது. இத்தடைகளுள் பெரும்பாலானவை லினக்ஸ் கருனியில் எழுந்தவை அல்ல. கட்டற்ற மென்பொருளும் மூடிய மென்பொருளும் சந்திக்கும் எல்லையிலேயே அவை தோன்றின.

ஒரு திரைப்படம் இன்று ஓடாவிட்டால் நாளை பார்த்துக்கொள்ளலாம். போட்டி முடிந்தபின் கிடைக்கும் தீர்வால் அன்றைய பார்வையாளருக்குப் பயன் குறைவு. ஆகவே விளையாட்டு நேரலையில் பழுதின் காரணத்தை விரைவாகக் கண்டறிவது, பழுதைச் சரிசெய்வதைப் போலவே முக்கியமானது.

தொடக்கம்: வடிவங்களும் வாயில்களும்

1995 செப்டம்பர் 5 அன்று சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளுக்கிடையே நடந்த பேஸ்பால் ஆட்டத்தின் வானொலி வர்ணனை ரியல்ஆடியோ நுட்பத்தின் மூலம் இணையத்தில் ஒலிபரப்பானது. விளையாட்டு நேரலையின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. அடுத்த ஆண்டுகளில் ரியல்நெட்வொர்க்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்களின் வடிவங்களே நேரலையில் போட்டியிட்டன. ரியல்பிளேயருக்கு லினக்ஸ் பதிப்பு இருந்தது. விண்டோஸ் மீடியா பிளேயருக்கு இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பியவை கட்டற்ற மென்பொருள்கள். பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் 2000-இல் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் அங்கேரியில் அர்பாட் கெரெஃபி எம்பிளேயரைத் தொடங்கினார். பாரிசின் எக்கோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய விஎல்சி 2001 பெப்ரவரியில் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியானது. விண்டோஸின் கோடெக் கோப்புகளை லினக்ஸிலேயே ஏற்றி இயக்கும் வசதியும் எம்பிளேயரில் இருந்தது. அக்கோப்புகள் 32-பிட் மென்பொருளுக்கு உரியவை என்பதால், 64-பிட் கணினிகள் பரவியபோது இவ்வழி பயனிழந்தது.

வடிவம் சரியாக இருந்தும் படம் வராததற்கு வலையமைப்பின் வாயில்கள் மற்றொரு காரணமாக இருந்தன. மைக்ரோசாஃப்டின் எம்எம்எஸ் நெறிமுறை 1755 என்ற வாயிலையும், ரியல்நெட்வொர்க்ஸ் பயன்படுத்திய ஆர்டிஎஸ்பி 554 என்ற வாயிலையும், பின்னர் ஃபிளாஷ் பயன்படுத்திய ஆர்டிஎம்பி 1935 என்ற வாயிலையும் நாடின. அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இருந்த தீச்சுவர்கள் இவற்றை அடைத்துவைத்திருந்தால் எந்த இயங்குதளத்திலும் படம் வராது.

சில்வர்லைட்டும் மூன்லைட்டும்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் சுமார் 2,200 மணி நேரம் இணையத்தில் நேரலையாக வழங்கியது. அதற்கு மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட் செருகுநிரல் தேவைப்பட்டது. அச்செருகுநிரல் விண்டோஸ், மேக் ஆகியவற்றுக்கு மட்டுமே வெளியாகியிருந்தது.

லினக்ஸுக்கான கட்டற்ற மாற்றாக மூன்லைட்டை நோவெல் நிறுவனத்தில் மிகெல் டி இக்காசாவின் குழு 2007 முதல் உருவாக்கி வந்தது. அதன் முதல் நிலையான பதிப்பு 2009 பெப்ரவரியில் வெளியானது. பெய்ஜிங் போட்டிகள் அதற்கு ஆறு மாதங்கள் முன்பே முடிந்துவிட்டன. மேலும் சில்வர்லைட்டின் உரிமைப் பூட்டான பிளேரெடி மூன்லைட்டில் இடம்பெறவில்லை. பூட்டிய ஒளிபரப்புகள் ஓடாமைக்கு நிறுவலில் நேர்ந்த பிழை காரணமன்று. எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் அவை ஓடியிருக்க முடியாது. 2012-இல் மூன்லைட் கைவிடப்பட்டதை டி இக்காசா உறுதிசெய்தார்.

இதற்கிடையே அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பின் இணையத்தளம் சில்வர்லைட்டை விட்டு ஃபிளாஷுக்கு மாறுவதாக 2008 நவம்பரில் அறிவித்தது. ஃபிளாஷுக்கு லினக்ஸ் பதிப்பு இருந்ததால் இம்மாற்றம் லினக்ஸ் பயனர்களுக்குச் சாதகமாக அமைந்தது. 2010 மார்ச்சில் தொடங்கிய ஐபிஎல் மூன்றாம் பருவம் யூடியூபில் நேரலையாக வந்தபோதும் யூடியூபின் முதன்மை ஊடகம் ஃபிளாஷாகவே இருந்தது.

ஃபிளாஷ் காலப் பழுதுகள்

லினக்ஸுக்கான ஃபிளாஷ் எப்போதும் பின்தங்கியே வந்தது. எட்டாம் பதிப்பு லினக்ஸுக்கு வெளியிடப்படவில்லை. ஒன்பதாம் பதிப்பு விண்டோஸில் 2006-இலும் லினக்ஸில் 2007 சனவரியிலும் வந்தது. 64-பிட் சோதனைப் பதிப்பு 2008 நவம்பரில் வெளியானாலும் நிலையான பதிப்புக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழுதறிதல் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 2010-இல் ஃபெடோரா 14 பதிப்பில் எழுந்த ஒலிப்பழுது சான்றாகும். 64-பிட் ஃபிளாஷில் ஒலி கரகரத்தது. ஒலி அட்டை, ஒலிச் சேவை, வலையமைப்பு ஆகியவை இதற்குக் காரணமல்ல. நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்ற செயற்கூறு, குனு சி நூலகத்தில் வேகத்துக்காக மாற்றி எழுதப்பட்டிருந்தது. சில செயலிகளில் அது பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது இச்செயற்கூறைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஃபிளாஷ் அவ்விதியை மீறியிருந்தது. பழைய நூலகத்தில் வெளிப்படாத இத்தவறு புதிய நூலகத்தில் இரைச்சலாக வெளிப்பட்டது.

தவறு ஃபிளாஷுடையதே என நூலகத் தரப்பினர் கூறினர். இப்பழுதறிக்கையின் விவாதத்தில் லினஸ் டோர்வால்ட்சும் பங்கேற்றார். இதுவரை இயங்கிய மென்பொருளை உடைக்கும் மாற்றத்தால் பயனருக்கு நன்மை இல்லை என்பது அவரது வாதம். பின்னர் குனு சி நூலகத்தின் 2.14 பதிப்பில் மெம்காப்பிக்குப் புதிய பதிப்புக்குறி தரப்பட்டது. பழைய நிரல்கள் பழைய நடத்தையையே பெற்றன.

ஃபிளாஷ் 11.2 பதிப்பில், என்விடியா வரைகலை அட்டை கொண்ட கணினிகளில் மனிதர்களின் முகம் நீல நிறமாகத் தெரிந்தது. விடிபிஏயு இடைமுகத்தின் வழியே காட்டப்பட்ட படத்தில் சிவப்பும் நீலமும் இடம் மாறியதே காரணம். ஃபிளாஷின் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை அணைத்தவுடன் நிறம் சரியானது. ஆனால் படத்தை விரிக்கும் சுமை முழுவதும் மையச் செயலியின்மேல் விழுந்தது. முழுத்திரையில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைக்காப்பான் வந்து மறைப்பதும் அக்காலத்தில் பரவலான குறை. அதைத் தடுக்கவே கஃபைன் போன்ற சிறுநிரல்கள் எழுதப்பட்டன.

2012 பெப்ரவரியில் அடோபி நிறுவனம், 11.2-க்குப் பிந்தைய லினக்ஸ் ஃபிளாஷ் கூகுள் குரோம் உலாவியுடன் மட்டுமே வரும் என்று அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே மிஞ்சின. 2020 திசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவு முழுமையாக முடிவுற்றது.

உரிமைப் பூட்டுகள்

ஒளிபரப்பு உரிமைகளின் விலை உயர்ந்தபோது எண்ணிம உரிமை மேலாண்மை பரவலானது. கட்டணம் செலுத்திய சந்தாதாரரும் தம் இயங்குதளம் காரணமாகவே படம் பெறாத நிலை உருவானது. ஃபிளாஷின் பூட்டு, கணினியை அடையாளம் காண ஹால் என்ற வன்பொருள் சேவையை நம்பியிருந்தது. லினக்ஸ் வழங்கல்கள் அச்சேவையை வழக்கொழிந்ததாகக் கருதி நீக்கின. பூட்டற்ற காணொளிகள் ஓடியதால், பூட்டுள்ளவை மட்டும் நின்றதன் காரணம் பயனர்களுக்கு எளிதில் புலப்படவில்லை. ஹால் சேவையைத் தனியே நிறுவி, அடோபியின் பழைய தற்காலிகக் கோப்புகளை அழிப்பதே தீர்வாக இருந்தது.

2013 ஆகஸ்ட்டில் வெளியான பைப்லைட், விண்டோஸ் சில்வர்லைட்டை வைன் மென்பொருளின் உள்ளே இயக்கி, அதன் படத்தை லினக்ஸ் உலாவிக்கு அனுப்பியது. உலாவிகள் பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டபோது அவ்வழியும் அடைபட்டது. குரோம் 2014-இலும், ஃபிளாஷ் நீங்கலாக ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் அவற்றை நிறுத்தின.

செருகுநிரல்களின் இடத்தை மறையீட்டு ஊடக நீட்டிப்பு என்ற இடைமுகம் பிடித்தது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2017 செப்டம்பர் 18 அன்று அதைப் பரிந்துரையாக ஏற்றது. அதை எதிர்த்து மின்னணு எல்லை அறக்கட்டளை சேர்த்தியத்திலிருந்து அன்றே விலகியது. இதன் வழியே இயங்கும் கூகுளின் வைட்வைன் பூட்டு லினக்ஸ் குரோமிலும், 2016-இல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 49 முதல் லினக்ஸ் ஃபயர்ஃபாக்ஸிலும் கிடைத்தது. எனினும் லினக்ஸ் மேசைக் கணினிகள் பொதுவாக எல்3 என்ற தாழ்ந்த பாதுகாப்பு நிலையிலேயே உள்ளன. அந்நிலைக்கு உயர் துல்லியப் படத்தை மறுக்கும் சேவைகள் உண்டு. அத்தகைய சேவையில் மங்கலான படத்துக்கு இணைய வேகத்தைக் குறைகூறுவது பொருந்தாது.

துண்டுகளாக வரும் நேரலை

2009-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறை, நேரலையைச் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக்கி வழக்கமான வலைப்பக்கங்கள் செல்லும் வழியிலேயே அனுப்பியது. இதனால் தீச்சுவர்ச் சிக்கல் பெருமளவு மறைந்தது. துண்டுகளின் பட்டியல் ஓர் எளிய உரைக்கோப்பு என்பதால், பூட்டில்லாத நேரலைகளை லினக்ஸ் இயக்கிகளால் நேரடியாக இயக்க முடிந்தது. லைவ்ஸ்ட்ரீமர் நிரலிலிருந்து 2016-இல் பிரிந்த ஸ்ட்ரீம்லிங்க் இவ்வகையில் நேரலையை விஎல்சி, எம்பிவி போன்ற இயக்கிகளுக்கு அனுப்புகிறது. உலாவியில் தடைபடும் படம் இயக்கியில் சீராக ஓடினால், பழுது வலையமைப்பில் இல்லை என்பது தெளிவாகும்.

வரைகலை அட்டை

விளையாட்டில் அசைவு மிகுதி. நொடிக்கு 50 அல்லது 60 சட்டங்கள் கொண்ட ஒளிபரப்பை மையச் செயலி மட்டுமே விரித்தால் பழைய கணினிகள் திணறும். வரைகலை அட்டையின் உதவியைப் பெறும் விஏ-ஏபிஐ இடைமுகம் லினக்ஸில் முன்பே இருந்தும், உலாவிகள் அதைத் தாமதமாகவே பயன்படுத்தின. ஃபயர்ஃபாக்ஸில் இவ்வசதி 2020-இல் வந்தது. 2023 சூலையில் வெளியான 115 பதிப்பில்தான் இன்டெல் வரைகலைக்கு இயல்பாகவே இயக்கப்பட்டது. காப்புரிமைக் காரணத்தால் 2022-இல் ஃபெடோரா தன் மெசா தொகுப்பிலிருந்து எச்.264 வடிவத்துக்கான வன்பொருள் உதவியை நீக்கியது. அதைத் திரும்பப் பெற ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தின் தொகுப்பை நிறுவ வேண்டியதாயிற்று.

பழுதறியும் முறை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து ஓர் ஒழுங்குமுறை உருவாகியுள்ளது. ஒரே நேரலை மற்றொரு கருவியில் அதே இணைப்பில் ஓடுகிறதா என்பது வலையமைப்பைச் சோதிக்கும். பூட்டில்லாத காணொளி ஓடி, சந்தா நேரலை மட்டும் நின்றால் உரிமைப் பூட்டை ஐயுறலாம். உலாவி தன் அடையாளத்தை விண்டோஸ் என மாற்றிச் சொன்னதும் ஓடினால், தடை தளத்தின் கொள்கையில் உள்ளது. ஒலி சீராக இருக்கப் படம் மட்டும் தடுமாறி, செயலியின் பயன்பாடு உச்சத்தில் நின்றால் வன்பொருள் முடுக்கம் இயங்கவில்லை எனலாம்.

முதல் காலத்தின் தடைகள் அறிவால் தீர்ந்தன. யாரோ ஒருவர் வடிவத்தை ஆராய்ந்து இயக்கியை எழுதினார். மற்றவர் அதை நிறுவினர். உரிமைப் பூட்டின் தடை அவ்வாறு தீர்வதில்லை. அதன் திறவுகோல் ஒளிபரப்பாளரிடம் உள்ளது. ஒரு பழுது இவ்விரு வகைகளில் எதைச் சேர்ந்தது என்று அறிந்த பயனர், ஆட்டம் தொடங்குமுன் தம் கணினியைச் சரிசெய்ய முனைவதா, வேறு கருவியை நாடுவதா என்பதைக் காலத்தே முடிவுசெய்ய இயலும்.