காஞ்சியில் விரித்த படமும் வடவெல்லைச் சிற்றூர்களும்

நாடு என்பது மண்ணா, அம்மண்ணில் வாழும் மக்களா என்னும் வினா ஏட்டளவில் மாத்திரம் எழுவதொன்றாயின், அதனை அறிஞர்களுக்கே விட்டுவிட்டு நாம் நம் தறியைக் கவனித்திருக்கலாம். ஆனால் காஞ்சிமாநகரத்து நெசவுக் குடியினராகிய நம்மை அவ்வினா விட்டபாடில்லை. தென்னாட்டைத் தனிநாடாகக் காட்டும் படமொன்று 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்கள்முன் விரிக்கப்பட்டது நமது ஊரிலேயாம். அப்படத்தின் கொள்கையை எழுத்தாலும் நாவாலும் வளர்த்தவரும், பின்னர் 1963-இல் அதனைக் கைவிட்டவரும் நம் ஊர் நெசவுக் குடியிற் பிறந்த அண்ணாதுரை அவர்களே. 1960-ஆம் ஆண்டில் வடக்கே எல்லைக்கோடு திருத்தப்பெற்றபொழுது அக்கோட்டிற்கு அப்பால் நின்றுவிட்ட நகரி, புத்தூர் முதலிய ஊர்களில் நம்மோடு கொள்வினை கொடுப்பினை உடைய குடும்பங்கள் இன்றும் நெய்து வாழ்கின்றன. ஆகலின் இப்பொருளை நம் சங்கத்து அன்பர்கள்முன் வைக்கத் துணிந்தோம். கட்சி பேசுதல் எம் நோக்கமன்று.

முடிமன்னர் காலத்தில் இவ்வினாவிற்கு விடை எளிது. நிலம் வென்றவனுக்கு உரியது. குடிகள் நிலத்தோடு சேர்ந்தவர்கள். காஞ்சி பல்லவரிடமிருந்து சோழருக்கும், பின்னர் விசயநகரத்தார்க்கும், ஆர்க்காட்டு நவாபுக்கும் கைமாறியது. 1763-இல் நவாபு ஆங்கிலக் கம்பெனியார்க்குச் சாகீராக விட்ட நிலப்பரப்பில் நம் ஊரும் ஒன்று. இத்தனை கைமாற்றங்களில் ஒன்றிலேனும் ஊராரை ஒருவர் கேட்டதாகச் செய்தியில்லை.

எனினும், வென்றவரெல்லாரும் ஒருபடித்தாக நடந்தாரல்லர். 642-இல் நரசிங்கவர்மப் பல்லவன் வாதாபியைக் கைக்கொண்டான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அப்பழியைத் தீர்க்க வந்த சளுக்க மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் ஊரை அழித்தானில்லை. இராசசிங்கேச்சுரம் என்னும் நம் கைலாசநாதர் கோயிலின் பெரும்பொருளைக் கண்டு, அதனை இறைவனுக்கே மீட்டும் அளித்ததாக அக்கோயில் தூணொன்றில் கன்னடத்தில் எழுதுவித்துச் சென்றான். அவன் தேவியர் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில்கள் அவ்வெற்றியின் நினைவாக எழுந்தவை. வென்ற ஊரின் கோயிலைப் பார்த்துத் தம் ஊரில் கோயில் எடுத்தனர் என்பது சிறிது நின்று எண்ணத்தக்கது. அயலூர் உறவினர் வரும்பொழுது ஏகாம்பரநாதரையும் வரதராசரையும் தரிசிக்கச் செய்து பேருந்து ஏற்றிவிடும் நம் இளைஞர்கள், பகைவனுடைய எழுத்தை அழியாது தாங்கி நிற்கும் அத்தூணையும் ஒருமுறை காட்டலாம். ஆயினும் மன்னன் இரங்கியது கோயிற் பண்டாரத்தைக் கண்டு, ஊராரைக் கேட்டன்று.

அங்ஙனமாயின் குடிகளுக்குத் தம்மைத் தாமே ஆளும் உரிமை சிறிதும் இருந்ததில்லையோ எனின், நம் முன்னோரிடத்து ஓர் உரிமை இருந்தது. அது புறப்பட்டுப் போகும் உரிமை. விசயநகர அரசர் காலத்துச் சாசனங்களில், தறிக்கடமை முதலிய வரிகளின் பளு தாங்காது நெசவாளர் ஊரைவிட்டு அகன்ற செய்தியும், வரியைக் குறைத்து அவர்களை மீண்டும் அழைத்துக் குடியேற்றிய செய்தியும் காணப்படுகின்றன. 1429-இல் சோழநாட்டுக் கொறுக்கையில் வலங்கை, இடங்கை வகுப்பார் இருதிறத்தாரும் தம் பகையை மறந்து ஒன்றுகூடி, இன்ன வரி கொடுப்போம், இன்னது கொடோம் என்று கல்லில் வெட்டுவித்தனர். வயலைத் தூக்கிக்கொண்டு போக உழவனால் இயலாது. தறியைக் கழற்றிக் கட்டிக்கொண்டு போக நெசவாளனால் இயன்றது. காஞ்சிக்குத் தெலுங்கு பேசும் பத்மசாலியரும், கன்னடமும் தெலுங்கும் வழங்கும் தேவாங்கரும், சௌராட்டிரரும் வந்து சேர்ந்ததும் இத்தகைய நடைப்பயணங்களின் பயனே. இதனை அன்பர்கள் மனத்தில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

நிற்க. ஒரு மக்கட்கூட்டம் தன் அரசைத் தானே தெரிந்துகொள்ளலாம் என்னும் கொள்கை உலகத்தார் வாயில் அடிபடத் தொடங்கியது 1914-ஆம் ஆண்டுப் பெரும்போரின் முடிவிலேயாகும். அமெரிக்கத் தலைவர் வில்சனும் உருசியத்து இலெனினும், வெவ்வேறு நோக்கத்தோடு, அதனை ஓதினர். அக்கொள்கை நேரிய முறையில் நடைபெற்ற இடங்களுள் ஒன்று டென்மார்க்கிற்கும் செருமனிக்கும் இடைப்பட்ட சிலேசுவிக் நாடு. 1920-இல் அந்நிலத்தை இரு பகுதிகளாக வகுத்து, வெவ்வேறு நாளில் வாக்கெடுத்தனர். வடபகுதி டென்மார்க்கைச் சேர்ந்தது. தென்பகுதி செருமனியிலேயே நின்றது. எந்த எல்லைக்குள் வாக்கெடுப்பது என்பதே அங்கு முதல் வழக்காயிற்று. இரண்டையும் ஒன்றாக்கி எண்ணியிருப்பின் ஒருசாரார் விருப்பம் மறுசாரார் தொகையில் மூழ்கியிருக்கும். உரிமையை உடைய மக்கள் யாவர் என்று முன்னரே முடிவு செய்பவன், வாக்குப் பெட்டியைத் திறக்குமுன்பே விடையையும் ஏறக்குறைய முடிவு செய்தவனாகின்றான்.

நம் ஊரில் விரித்த படத்தின் குறையும் இவ்விடத்திலேயே உளது. 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்த கிளர்ச்சியினிடையே பெரியார் ஈ. வெ. இராமசாமி அவர்கள் தமிழ்நாடு தமிழருக்கே என்றார். அடுத்து அக்கோரிக்கை திராவிட நாடாக விரிந்தது. 1940 மார்ச்சில் இலாகூரில் முசுலிம் லீக் தன் தீர்மானத்தை நிறைவேற்றியது. மூன்று திங்களில் காஞ்சியில் திராவிட நாட்டுப் படம் வெளியாயிற்று. தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளியர் ஆகிய நால்வர் நிலமும் அதனுள் அடங்கின. ஆனால் தெலுங்கர் 1913-இலேயே பாபட்லாவில் மாநாடு கூடித் தமக்குத் தனி மாகாணம் வேண்டுமென்னும் பேச்சைத் தொடங்கியிருந்தனர். 1920-இல் நாகபுரியில் காங்கிரசு மொழிவாரியாகக் குழுக்கள் அமைக்க இசைந்தது. மறுவருடம் ஒற்றப்பாலத்தில் மலையாள நாடு முழுதிற்குமான மாநாடு நிகழ்ந்தது. தத்தம் வீட்டிற்குத் தனிக்கதவு வைக்க முயன்றுகொண்டிருந்த இம்மூவரையும் கேளாமலே, அவர்கள் வீட்டையும் நம் பாகப்பத்திரத்தில் எழுதிக்கொண்ட வண்ணமாயிற்று. தில்லி நம்மைக் கேளாது ஆள்கின்றது என்று முறையிட்டவர், அம்முறையீட்டிலேயே பிறரைக் கேளாது விட்டனர்.

இதனால் அக்கோரிக்கைக்கு வித்தாகிய குறைகள் பொய்யென்று யாம் கூறவில்லை. நெசவாளராகிய நாம் அங்ஙனம் கூறுதல் நன்றியன்று. 1942 மார்ச்சில் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கிய அண்ணாதுரை அவர்கள், தொழில் வடக்கே குவிவதையும் தெற்கு அதற்குச் சந்தையாய் நிற்பதையும் ஓயாது எழுதினார். 1952, 1953-ஆம் ஆண்டுகளில் ஆலைத்துணியின் போட்டியால் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் பசியால் வாடினர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தில்லியை வற்புறுத்தியும் அது முற்றும் பலிக்கவில்லை. 1953-இல் அண்ணாதுரை அவர்கள் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து விற்றார். அரசியலில் எதிரெதிர் நின்ற இருவரும் நம் தறியின் பொருட்டு ஒரே குறையைச் சொல்லினர். தன் பிழைப்பைப் பற்றிய முடிவு ஆயிரத்து முந்நூறு மைலுக்கு அப்பால் செய்யப்படுகின்றது என்பதை உணர நெசவாளனுக்கு எந்தப் படமும் வேண்டியதில்லை.

1956 நவம்பரில் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபின் படத்தின் நான்கு பங்கில் மூன்று தாமே கழன்றன. பெரியார் தம் கோரிக்கையைத் தமிழ்நாட்டளவிற் சுருக்கிக்கொண்டார். 1961-இல் ஈ. வெ. கி. சம்பத்து அவர்கள் திராவிட நாடு கைகூடாதெனக் கூறித் தி. மு. க.-வினின்றும் பிரிந்தார். 1962 தேர்தலில் அண்ணாதுரை அவர்கள் தாம் பிறந்த காஞ்சித் தொகுதியிலேயே தோற்று, பின் மாநிலங்களவைக்குச் சென்றார். அவ்வாண்டு மே 1-ஆம் நாள் அவ்வவையில் தன்னாட்சி உரிமையைக் கோரி, அக்கோரிக்கை பிற மக்கள்மேற் கொண்ட வெறுப்பினால் எழுந்ததன்று என்று விளக்கினார். அக்டோபரில் சீனப்படை எல்லை தாண்டவே, கோரிக்கையை நிறுத்திவைத்தார். 1963-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி கூற வேண்டுமென்றாயிற்று. அதனை அவையில் எதிர்த்துப் பேசியவரே, பின்னர்த் தம் கட்சியின் கொள்கையினின்றும் பிரிவினையை நீக்கினார். கோரிக்கையை விட்டோம், அதற்குரிய காரணங்கள் அப்படியே உள என்பதும் அவர் கூற்று.

அஞ்சி விட்டார் என்பாரும், ஏமாற்றினார் என்பாரும் உளர். எமக்கு இரண்டும் உடன்பாடல்ல. கேட்கும் வாயைச் சட்டத்தால் அடைத்தல், கேட்கப்பட்டதற்கு விடையாகாது. அவ்வகையில் 16-ஆவது திருத்தத்தை யாம் போற்றமாட்டோம். ஆயினும், கேளாத மூன்று மக்களின் பெயராலும் பேசிய கோரிக்கையை மேலும் சுமந்து திரிவதினும் இறக்கி வைத்ததே நேர்மை. அதன்பின் அவர் மாநிலத்துக்கு மிகுந்த அதிகாரம் கேட்டதும், 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் தமிழ்நாடு என்னும் பெயர்த்தீர்மானத்தை நிறைவேற்றியதும் தம் மக்களின் பெயரால் மாத்திரம் கேட்டவை. அப்பெயர் 1969 சனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3-இல் அவர் மறைந்தார்.

இனி வடவெல்லைக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாகக் கூறுவதைக் காட்டி, திருப்பதி நமக்கே உரியதென்று 1950-களில் வாதித்தனர். பாயிரம் கூறுவது தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லை. அவ்வெல்லைக்குள் அக்காலத்தே சேர சோழ பாண்டியர் மூவர் முடிசூடி ஒருவரோடொருவர் பொருது நின்றனர். மொழிவழக்கின் எல்லையை நிலப்பட்டாவாகக் கொள்ளுதல் இலக்கணம் செய்தார் கருத்தன்று.

பொட்டி சிறீராமுலு அவர்கள் 1952 திசம்பர் 15-இல் சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபின், 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் நம்மிடம் நின்றது. 1911-இல் அமைந்த சித்தூர் ஜில்லா முழுதும், திருத்தணி உட்பட, அங்குச் சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் போராடினர். படாசுகர் என்பார் நடுவராக அமர்த்தப்பெற்றார். அவர் ஜில்லாவையோ தாலுகாவையோ அலகாகக் கொள்ளாது, ஒவ்வொரு கிராமத்தையும் அலகாகக் கொண்டார். எங்கே எம்மொழியினர் மிகுதி, எவ்வூர் எதனைத் தொடர்ந்து கிடக்கின்றது என்று நோக்கினார். அவர் முடிபின்படி 1959-இல் இயற்றிய சட்டத்தால் 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் செங்கற்பட்டு ஜில்லாவோடு சேர்ந்தன. அதற்கீடாகச் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. ஒரு துப்பாக்கிப் படையும் ஊர்களின்மேற் செல்லாது இரு மாநிலங்கள் நிலம் மாற்றிக்கொண்டன. காஞ்சிப் படத்தினும் இது நூறுபங்கு மேலான முறை என்பதில் எமக்கு ஐயமில்லை. மேலிருந்து கீழே வரையாமல் ஊரிலிருந்து தொடங்கிற்று.

ஆயினும் குறையொன்று உண்டு. ஊர்தோறும் தலைகளை எண்ணினர். சிலேசுவிக்கில் நிகழ்ந்ததுபோல் ஊர்தோறும் வாக்கெடுத்தாரல்லர். குடிக்கணக்கில் எழுதிய தாய்மொழி ஒருவன் விருப்பத்திற்குச் சான்றாகுமா? நம் தெருவிற்கு அடுத்த தெருவில் வீட்டில் தெலுங்கு பேசும் பத்மசாலியர், தமிழிற் கணக்கெழுதி, தமிழ்ப் பள்ளியிற் படித்து, வைகாசியில் வரதர் தேர்வடம் பிடிக்கின்றனர். தாய்மொழி எண்ணை மாத்திரம் வைத்துக் காஞ்சியின் தெருக்களை இரு மாநிலங்கட்குப் பங்கிட்டால் அவர்களை எங்கே அனுப்புவது? நாம் நெய்யும் சேலையே அக்கோடுகளுக்கு அடங்குவதன்று. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்தது. சரிகை சூரத்தினின்றும் வருவது. புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டு என்னும் பெயர் மாத்திரம் நம் ஊருக்கே உரியது.

நகரி, புத்தூர்ப் பக்கத்து நம் உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ்கள் முன்பு தமிழில் வந்தன. பின்னர் ஒருபுறம் தமிழும் மறுபுறம் தெலுங்குமாயின. அண்மையில் எமக்கு வந்ததொன்றில் குலதெய்வத்தின் பெயரைக்கூட அடுத்த தெருவிற்குச் சென்று படிப்பித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதனைக் குற்றமாகக் கூறுகின்றோமல்லோம்; பிள்ளைகள் படிக்கும் எழுத்தே வீட்டெழுத்தாகும். ஆனால் 1960-க்கு முன் அவ்வூர்களில் வாழ்ந்து இப்பொழுது முதிர்ந்திருக்கும் பெரியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். தம் கிராமம் இப்பக்கமோ அப்பக்கமோ என்று முடிவானபொழுது தம்மையேனும் தம் பெற்றோரையேனும் எவராவது வந்து கேட்டதுண்டா, கேட்டிருப்பின் என்ன விடை கூறியிருப்பர் என்பதை அவர்கள் வாய்மொழியாக அறிந்து, அன்பர்கள் எமக்கு எழுதியனுப்புவாராக. தெலுங்கில் எழுதினும் தடையில்லை; பத்மசாலியத் தெரு நண்பரொருவர் படித்துச் சொல்ல இசைந்துள்ளார்.