ரோசமான குத்து, கானா மெட்டு

ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிச் சுவர்களில் சினிமா போஸ்டருக்குச் சரிக்குச் சரியாக இன்னொரு நோட்டீசும் ஒட்டப்பட்ட காலம் உண்டு. 'ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை' என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். மோதுகிறவர்களின் பெயரைவிட அவர்கள் எந்தப் பரம்பரை என்பதைத்தான் ஜனங்கள் முதலில் பார்ப்பார்கள்.

வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஆங்கிலோ இந்தியர்களும் ஆடிய ஆட்டம் அது. துறைமுகக் கூலிகளும் மில் தொழிலாளர்களும் மீனவர்களும் அதைத் தங்கள் ஆட்டமாக்கிக்கொண்டார்கள். கையுறை வெளிநாட்டுச் சரக்கு. கற்றுக்கொடுத்த முறையோ சிலம்பக்கூடத்துடையது. வாத்தியார், சிஷ்யன், பரம்பரை மானம் எல்லாம் அப்படியே வந்தன. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள் பிரிந்து நின்று மோதின. ஆங்கிலோ இந்தியரான டெர்ரியை வீழ்த்தியவர் என்று சார்பட்டாவின் கித்தேரி முத்துவைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். இந்த வரலாற்றில் பெரும்பகுதி ஏட்டில் ஏறவில்லை, வாய்ப்பேச்சிலேயே தங்கிவிட்டது.

தமிழ் சினிமா இதைத் தொட வெகுகாலம் பிடித்தது. 2015இல் வந்த 'பூலோகம்' பரம்பரைப் பகையில் தொடங்கி டிவி வியாபாரத்தின் பக்கம் போனது. அடுத்த ஆண்டு சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று' எடுத்தார். மீன் விற்கும் பெண்ணாக அதில் நடித்த ரித்திகா சிங் நிஜத்திலும் சண்டை வீராங்கனை.

பா.ரஞ்சித் 'சார்பட்டா பரம்பரை' படத்தில் நேராக 1970களுக்கே போனார். 'பேட்டை' நாவலை எழுதிய தமிழ்ப்பிரபாவும் அவருடன் சேர்ந்து எழுதினார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலனாக ஆர்யா, தி.மு.க. கரைவேட்டி கட்டிய ரங்கன் வாத்தியாராகப் பசுபதி. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி படத்தில் ரிங்குக்குள்ளேயே வந்து இறங்குகிறது. போலீஸ் வாத்தியாரைப் பிடித்துப் போக, ஆட்டமும் குலைகிறது. ஒரு பேட்டையின் விளையாட்டை நெருக்கடி நிலை எப்படிக் கலைத்தது என்பதைச் சொல்ல அந்த ஒரு காட்சி போதும்.

குத்துச்சண்டை வளர்ந்த அதே தெருக்களில்தான் கானாவும் வளர்ந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவர்களும் ரிங்கைச் சுற்றி விசிலடித்தவர்களும் ஒரே உழைப்பாளிச் சனம். ஒன்றைப் படமெடுத்தால் மற்றதை விட முடியாது. 'அட்டகத்தி'யிலிருந்து ரஞ்சித்துடன் வரும் சந்தோஷ் நாராயணன் 'வம்புல தும்புல' பாட்டுக்குக் கானா முத்துவையும் இசைவாணியையும் அழைத்தார். இருவரும் 2018இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர். 'நீயே ஒளி'க்குக் குரல் கனடாவிலிருந்து வந்தது: ஈழத்தமிழ் ராப் கலைஞர்கள் ஷான் வின்சென்ட் டி பாலும் நவ்ஸ்-47உம் பாடினார்கள். பாட்டே இல்லாத இடத்திலும் தாளம் உண்டு. ஷபீர் ஆடிய 'டான்சிங் ரோஸ்' ரிங்குக்குள் காலால் ஜதி போட்டுக்கொண்டே எதிராளியைத் திணறடிக்கிறார். அதிகம் பேசாத அந்தப் பாத்திரத்தைத்தான் ரசிகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

தியேட்டர் விசிலுக்காக எடுத்த படம், கொரோனாவால் 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வெளியானது. வந்த வேகத்தில் வழக்கும் தொடங்கியது, நீதிமன்றத்தில் அல்ல, பேட்டையில். எம்.ஜி.ஆருக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோலக் காட்டிவிட்டார்கள் என்று ராயபுரத்தின் முன்னாள் எம்.எல்.ஏ. டி.ஜெயக்குமார் கண்டித்தார். அவர் பக்கமும் சான்று உண்டு. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1980இல்தான் முகமது அலி சென்னை வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார்.

பிறகு பழைய வாத்தியார்களையும் வீரர்களையும் தேடி மைக்குகள் போயின. 'சினிமாவில் காட்டியது மாதிரி இல்ல சார்' என்று ஆளுக்கொரு திருத்தம் சொன்னார்கள். படம் செய்த பெரிய காரியம் அதுதான். அந்தத் திருத்தங்களைச் சொன்னவர் பெயரோடு, அவர் பரம்பரையோடு, ஆண்டுவாரியாக யாராவது எழுதிவைக்க வேண்டும். சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

(தொடரும்)