‘விலக்க இயலவில்லை’: மரபணுத் தடயவியலில் ஒரு வாக்கியத்தின் வரலாறு



மொழியியல் கற்றவன் குற்றவியல் ஆய்வகத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் எண்ணக்கூடும். அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கென நடந்த ஒரு பயிலரங்கில் நான் வகுப்பெடுத்தேன். இடைவேளையில் ஓர் அம்மையார் ஒரு தாளை நீட்டினார். டி.என்.ஏ. ஆய்வறிக்கை ஒன்றின் கடைசி வரி அதில் இருந்தது. இத்தடயத்திற்கு உரியவர் இன்னாராக இருக்கலாம் என்பதை விலக்க இயலவில்லை என்பதே அவ்வரியின் பொருள். அவர் தமிழில் எழுதி வைத்திருந்தது வேறு: “இத்தடயம் இன்னாருடையதே.” சுருக்கமாகவும் தெளிவாகவும் இருப்பதாக நானும் பாராட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் நான் செய்த பிழை உறைத்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் காதில் விழும் ஒரே தமிழ் வாக்கியம் அது. அறிக்கை சொல்லாத ஒன்றை நாங்கள் இருவருமாகச் சேர்ந்து சொல்ல வைத்துவிட்டோம்.

அன்று முதல் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்குப் புலப்பட்டது இதுதான். டி.என்.ஏ. பகுப்பாய்வாளரின் கடும் உழைப்பு ஆய்வுக்குழாய்களோடு முடிவதில்லை. இறுதியில் அவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை எப்படி அமைப்பது என்பதை இத்துறை பட்டுப் பட்டுத்தான் கற்றது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். ‘தடயவியல்’ என்பது நல்ல கலைச்சொல். விட்டுச் சென்ற தடத்தை அது சுட்டுகிறது. ஆனால் ‘ஃபொரென்சிக்’ என்னும் சொல்லின் இலத்தீன் வேர் பொது அவையைக் குறிப்பது. உரோமானியர்கள் வழக்குரைத்த மன்றமே ஃபோரம். எனவே அச்சொல்லின் உள்ளே இருப்பது தடம் அன்று, அவையில் உரைத்தல். நம் கலைச்சொல்லில் அவை மறைந்துவிட்டது. ‘மரபணுச் சோதனை’ என்னும் நாளிதழ் வழக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மரபணு என்பது உடலுக்கு ஏதேனும் ஒரு பணியைக் கட்டளையிடும் பகுதி. காவல்துறை ஆய்வகங்கள் வழக்கமாகப் பார்ப்பதோ பெரும்பாலும் அத்தகைய கட்டளை எதையும் சுமக்காத பகுதிகளை. அங்கே நான்கு எழுத்துக் கோவை ஒன்று அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும். நம் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி பயின்றவர்களுக்கு இது விளங்கும். ‘சலசல’ என்பதைப் பிரித்தால் பொருளில்லை. அடுக்கி வருவதிலேதான் அதற்கு வாழ்வு. இந்த மூலக்கூற்று அடுக்கு ஒருவருக்கு ஆறு முறை வரும், மற்றொருவருக்கு ஒன்பது முறை வரும். ஒவ்வோர் இடத்திலும் தாயிடமிருந்து ஓர் எண்ணும் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் நமக்குக் கிடைக்கின்றன. பகுப்பாய்வாளர் எண்ணுவது இந்த அடுக்குகளையே.

இதன் தொடக்கம் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில். 1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை, அலெக் ஜெஃப்ரீஸ் இருட்டறையிலிருந்து ஓர் எக்ஸ்ரே படலத்தை எடுத்துப் பார்த்தார். அதில் கோடு கோடாகத் தெரிந்த அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தது. குடும்பத்தாருக்குள் தொடர்பும் காட்டியது. இதற்கு ‘டி.என்.ஏ. விரல்ரேகை’ என்று பெயர் சூட்டினார். பெயர் உடனே பரவியது. மறுக்க முடியாத சான்று என்னும் எண்ணத்தையும் அப்பெயர் கூடவே அழைத்து வந்தது. பின்னர் அறிவியலார் அதை மெல்லக் கைவிட்டு, ‘டி.என்.ஏ. விவரக்கோலம்’ என்று பொருள்படும் அடக்கமான சொல்லுக்கு மாறினர். மக்கள் வழக்கில் விரல்ரேகை இன்னும் போகவில்லை.

அம்முறை முதன்முதலாகப் பயன்பட்டது குற்ற வழக்கில் அன்று. 1985இல், கானாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு சிறுவன் அவனுடைய தாய்க்குப் பிறந்தவன்தானா என்று குடிநுழைவு அதிகாரிகள் ஐயுற்றனர். ஜெஃப்ரீஸின் சோதனை அவன் அக்குடும்பத்துப் பிள்ளையே என்று காட்டியது. பிள்ளை தாயிடமே இருந்தான்.

குற்ற வழக்கு அடுத்து வந்தது. லெஸ்டர் வட்டாரத்து அண்டை ஊர்களில் 1983இலும் 1986இலும் பதினைந்து வயதுச் சிறுமியர் இருவர் கொல்லப்பட்டனர். கற்றலில் இடர்ப்பாடு உடைய பதினேழு வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதல் கொலையை மறுத்தான். இரண்டையும் அவனே செய்தான் என்று நிறுவக் காவல்துறை ஜெஃப்ரீஸை நாடியது. முடிவு எவரும் எதிர்பாராதது. இரு தடயங்களும் ஒரே ஆணுக்கு உரியவை. அந்த ஆண் இவ்விளைஞன் அல்லன். அரசுத் தடயவியல் அமைப்பும் சோதித்து அதையே உறுதி செய்தது. வாக்குமூலம் கையில் இருந்தும் அவன் விடுவிக்கப்பட்டான். 1987இல் அவ்வட்டாரத்து ஆடவர் ஐயாயிரம் பேர் அளவில் குருதி மாதிரி கொடுத்தனர். உண்மைக் குற்றவாளியான ரொட்டிச்சாலைத் தொழிலாளி தன் பெயரில் உடன் வேலை செய்தவரை அனுப்பித் தப்பினான். அந்த ஆள்மாறாட்டம் ஒரு மதுக்கடைப் பேச்சில் வெளிப்பட்டது. 1988 சனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இத்தொழில்நுட்பம் ஒருவனைப் பிடித்ததைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னரே அது ஒருவனை விலக்கியது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ‘இவர் அல்லர்’ என்பதை டி.என்.ஏ. உறுதியாகச் சொல்ல வல்லது. ‘இவரே’ என்று சொல்ல வரும்போதுதான் எண்களும் சொற்களும் குறுக்கிடுகின்றன.

ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். உறையிடப்பட்டு முத்திரை வைத்த பொருள் வந்து சேரும். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் எழுதப்படும். தடயத்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்க வேண்டும். பாலியல் வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் உயிரணுக்களும் ஆணின் விந்தணுக்களும் கலந்திருக்கும். ஜெஃப்ரீஸும் அரசுத் தடயவியல் அமைப்பைச் சேர்ந்த பீட்டர் கில், டேவிட் வெரெட் இருவரும் 1985இல் வெளியிட்ட முறை இதற்கு வழி காட்டியது. மென்மையான கரைசலில் பெண்ணின் உயிரணுக்கள் முதலில் உடையும். விந்தணுவின் தலைப்பகுதி உறுதியான வேதிப்பிணைப்புகளால் கட்டுண்டது. ஆகவே அது தாக்குப்பிடிக்கும். அதைத் தனியே பிரித்து வேறொரு வேதிப்பொருளால் பின்னர் உடைப்பார்கள்.

அதன் பிறகு பெருக்கம். கேரி மல்லிஸ் கண்டறிந்து 1993இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பி.சி.ஆர். முறையில் ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிக்கும். 28 சுற்றுகள் குறையின்றி நடந்தால் ஒன்று 26 கோடிக்கு மேலாகும். நுண்குழலில் மின்னோட்டத்தின் துணையால் அவை நீளவாரியாகப் பிரிந்து, திரையில் முகடுகளாக எழும். ஒவ்வொரு முகடும் ஓர் அடுக்கு எண். தூய தடயம் என்றால் வேலை எளிது. மூவர் தொட்ட கதவுப்பிடி என்றால் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில முகடுகள் தலைகாட்டாமலே போகும். அங்கேதான் பகுப்பாய்வாளரின் மதிப்பீடு தொடங்குகிறது. இங்கிலாந்து 1995இல் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியபோது ஆறு இடங்களையும் பாலினம் காட்டும் ஓரிடத்தையும் பார்த்தார்கள். அமெரிக்கா 13 இடங்களில் தொடங்கி 2017 முதல் 20 இடங்களைப் பார்க்கிறது. இடங்கள் கூடக் கூடத் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு அருகுகிறது.

இனி வாக்கியத்திற்கு வருவோம். 1989இல் நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவரின் கைக்கடிகாரத்தில் இருந்த குருதி, கொல்லப்பட்டவருடையதோடு பொருந்துகிறது என்று ஒரு தனியார் ஆய்வகம் சொன்னது. கோடுகளை அளந்த விதத்தில் குறைகள் இருந்தன. இரு தரப்பு அறிவியல் வல்லுநர்களும், அவையில் எதிரெதிராக நிற்க வேண்டியவர்கள், வெளியே ஒன்றுகூடி அத்தரவு போதாது என்று கூட்டறிக்கை எழுதினார்கள். நீதிபதி நுட்பமாகத் தீர்த்தார்: குருதி கடிகாரத்துக்கு உரியவருடையது அன்று என்பதைச் சான்றாக ஏற்கலாம், கொல்லப்பட்டவருடையது என்பதை ஏற்பதற்கில்லை. பின்னர் அம்மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். குருதி கொல்லப்பட்டவருடையதாகவே இருந்தது. ஆயினும் அத்தீர்ப்பு பிழையானது என்று நான் கருதவில்லை. முடிவு உண்மையாக இருப்பது வேறு, அதைச் சொல்லும் தகுதி அத்தரவுக்கு இருப்பது வேறு.

எண்களைச் சொல்லும் வாக்கியமும் வழுக்கக்கூடியது. ‘குற்றத்தோடு தொடர்பில்லாத ஒருவருக்கு இக்கோலம் அமையும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று’ என்பது ஒரு கூற்று. ‘இவர் குற்றவாளி அல்லாமல் இருக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று’ என்பது மற்றொன்று. எழுவாயும் நிபந்தனையும் இடம் மாறிவிட்டன. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் டோஹெனி, ஆடம்ஸ் வழக்குகளில் இதை விளக்கியது. பத்து இலட்சத்தில் ஒருவருக்கு அமையும் கோலம் என்றால் அந்நாட்டு ஆடவருள் ஏறத்தாழ 26 பேருக்கு அது இருக்கக்கூடும். குற்றஞ்சாட்டப்பட்டவர் அவர்களுள் ஒருவர். எஞ்சியதைப் பிற சான்றுகள் சொல்ல வேண்டும். தடயத்தை விட்டவர் இவராக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பகுப்பாய்வாளரைக் கேட்கலாகாது என்றும் அத்தீர்ப்பு வரையறுத்தது. இலக்கண வகுப்பில் நாம் ‘ஆல்’ ஈற்று நிபந்தனை எச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதைப் பிழையாகப் படித்தால் ஒருவர் சிறை செல்ல நேரும் என்று நான் என் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது வருந்துகிறேன்.

ஒருவர் அவ்வாறு சிறை செல்லவும் நேர்ந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1998இல் பதினாறு வயது இளைஞன் ஒருவன் பாலியல் வன்முறைக் குற்றத்தில் கைதானான். நகரக் காவல்துறை ஆய்வகம் கலப்புத் தடயம் ஒன்றில் அவனுடைய கோலம் இருப்பதாகச் சான்றுரைத்தது. அது மிக மிக அரிதான கோலம் என்னும் எண்ணமே கேட்டவர்களிடம் நின்றது. 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கலப்பினை முறையாகக் கணக்கிட்டால் அத்தடயத்துக்குள் அடங்கக்கூடியவர் பலர் என்பதை ஒரு வெளி அறிஞர் பின்னர் காட்டினார். மறுசோதனை அவனை முற்றாக விலக்கியது. 2003இல் அவன் வெளியே வந்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 2002 டிசம்பரில், ஒரு தணிக்கைக்குப் பின் அவ்வாய்வகத்தின் டி.என்.ஏ. பிரிவு மூடப்பட்டிருந்தது. அக்கட்டடத்தில் கூரை ஒழுகித் தடயப் பொருள்கள் நனைந்த செய்தியும் அப்போதுதான் ஊரறிந்தது. 2014இல் அந்நகரின் தடயவியல் பணி காவல்துறையிடமிருந்து பிரிக்கப்பட்டு ஒரு தனி அமைப்பிடம் தரப்பட்டது.

இன்னொரு கதை ஜெர்மனியில். 1993 முதல் ஏறத்தாழ நாற்பது குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் கோலம் கிடைத்தது. கொலை, திருட்டு என ஒன்றுக்கொன்று ஒட்டாத குற்றங்கள். ஆஸ்திரியாவிலும் பிரான்சிலும்கூட அவளுடைய தடம். 2007இல் ஹைல்பிரோன் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்திலும் அவள் தோன்றினாள். அவளைப் பற்றித் துப்புத் தருவோருக்கு 3,00,000 யூரோ வெகுமதி அறிவித்தார்கள். 2009இல் உண்மை தெரிந்தது. தடயம் ஒற்றியெடுக்கும் பஞ்சுக்குச்சிகளை உறையிலிட்ட தொழிற்கூடத்துப் பெண் ஒருவரின் டி.என்.ஏ. அது. குச்சிகள் ‘கிருமி நீக்கப்பட்டவை’யே, அதில் பொய்யில்லை. ஆனால் கிருமி நீக்கம் என்பது டி.என்.ஏ. நீக்கம் ஆகாது. உறைமேல் இருந்த ஒரு சொல்லை அனைவரும் தமக்கு வேண்டிய பொருளில் படித்துவிட்டார்கள். இதன் பின்னரே தடயவியல் பொருள்களுக்கென ஐஎஸ்ஓ 18385 என்னும் தரம் 2016இல் வந்தது.

நம் நாட்டில் டி.என்.ஏ. அடையாளங்காணல் சட்டம் 2009இல் இயற்றப்பட்டது. அது 699ஆம் சட்டம். தரவு வங்கியைக் காவல்துறை பேணுகிறது. தடயப் பகுப்பாய்வில் மலேசிய வேதியியல் துறைக்கு நெடுங்காலப் பங்கு உண்டு. 1995இலிருந்து நமக்கு ஜூரி முறை இல்லை. நீதிபதியே சான்றை எடைபோடுகிறார். அதனால் எண்களைக் கண்டு மயங்கும் இடர் இங்குக் குறைவு எனலாம். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தமிழ் மட்டுமே அறிந்தவராயின், அவருக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார்.

அந்த அம்மையாரைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சந்தித்தேன். என் பிழையைச் சொல்லி, ‘விலக்க இயலவில்லை’ என்றே எழுதுமாறு கேட்டுக்கொண்டேன். தானே அவ்வாறு மாற்றிவிட்டதாகச் சொன்னார். பின்னர் ஒரு வழக்கில் அவ்வாக்கியத்தைக் கூண்டில் நின்ற முதியவருக்குச் சொன்னபோது அவர் திரும்பிக் கேட்டாராம்: “அப்படின்னா நான்தான்னு சொல்றாங்களா, இல்லைன்னு சொல்றாங்களா, அம்மா?”

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் பதில் சொல்லக் கூடாதே, ஐயா. அவர் கேட்டதை அப்படியே மலாயில் நீதிபதியிடம் சொன்னேன். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, சான்றுரைத்தவரை மறுபடியும் கூண்டுக்கு அழைத்தார்.”