ஏழுமலை என்னும் பெயர்

சென்ற தை மாதத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம் இல்லம் போந்து, "அண்ணா, பையனுக்கு அப்பாவின் பெயரை வைக்கலாமா?" என்று வினவினார். அவர் தந்தையார் பெயர் ஏழுமலை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம்மவர் வழக்கே. ஆயினும் அவர் மனைவியார்க்கு மனம் ஒப்பவில்லை. இவ்வூர்ப் பள்ளியில் இப்பெயரை யார் திருத்தமாக அழைப்பர் என்பது அவ்வம்மையாரின் கவலை. உடனே விடை கூற நமக்கு இயலவில்லை. பின்னர் ஆராய்ந்தவற்றை ஈண்டு வரைகின்றோம்.

சேஷாத்திரி, நீலாத்திரி, கருடாத்திரி, அஞ்சனாத்திரி, விருஷபாத்திரி, நாராயணாத்திரி, வேங்கடாத்திரி என்னும் ஏழு குன்றுகளே ஏழுமலை. பிள்ளை வேண்டித் திருப்பதிக்கு நேர்ந்துகொண்டோர் இப்பெயரை இட்டனர். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய பகுதிகளில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஓர் ஏழுமலையைக் காணலாம். இன்றோ, நம் குடியிருப்பின் தொட்டில்களில் இப்பெயர் அரிதாகிவிட்டது.

சங்கப் புலவர்க்கு இம்மலை வேங்கடம். மாமூலனார் அகநானூற்றில் அதனைப் புல்லி என்னும் தலைவனுக்குரியதாகப் பாடினார். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாக அதனைக் குறித்தது. அவ்வேங்கடமும் மக்கட்பெயராகித் தெலுங்கர் நாவில் முதலெழுத்துக் குறுகி 'வெங்கட' என்றாயிற்று.

1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமையும் வரை, வேலூரும் திருப்பதியும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அதன் தலைநகரமும் சித்தூரே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எல்லைக்கு அப்பால் ஏழுமலை என்றால், இப்பால் 'ஏடுகொண்டலு'. ஏடு என்பது ஏழு. கொண்ட என்பது மலை. இரண்டும் ஒரே பெயர்தான்.

நமது கோழி தெலுங்கில் 'கோடி'. நமது ஏழு 'ஏடு'. கன்னடர் 'கோளி' என்றும் 'ஏளு' என்றும் கூறுவர். மலையாளத்தார் மட்டும் நம்மைப் போலவே ழகரத்தைக் காத்தனர். ஆறாம் நூற்றாண்டில் கடப்பைப் பகுதியை ஆண்ட ரேநாட்டுச் சோழரின் தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்திற்குத் தனி எழுத்தே உண்டு! பின்னர் அது வழக்கொழிந்தது. 2014-இல் கணினி எழுத்துத் தரமாகிய யூனிகோடில் அப்பழந்தெலுங்கு எழுத்துக்கும் ஓரிடம் கிடைத்தது. எனவே அண்டை வீட்டாரைக் குறை கூறுவதற்கில்லை. நம்முள்ளும் 'ஏயுமலை' என்பாரும் 'ஏளுமலை' என்பாரும் பலர் அல்லரோ?

நாவிற்கு நேரும் தொல்லையினும் தாளில் நேரும் தொல்லையே பெரிது. பயணியர் பட்டியலில் இப்பெயரைப் பல கோலங்களில் கண்டுள்ளோம். ஆங்கிலத்தில் 'இசட்', 'எச்' இட்டு எழுதுவோர் சிலர். 'எல்' மட்டும் இடுவோர் பலர். முன்னே 'ஒய்' சேர்ப்போரும் உளர். நாம் அறிந்த முதியவர் ஒருவரின் பணிப்பதிவேட்டில் ஒரு கோலம், வங்கிக் கணக்கில் மற்றொரு கோலம். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க, ஓர் அலுவலகத்திற்கும் நோட்டரிக்குமாக அவர் எட்டு மாதம் அலைந்தார்; அதுவரை ஓய்வூதியம் வரவில்லை.

இவையனைத்தையும் அவ்விளைஞரிடம் ஒளிக்காமல் உரைத்தோம். முதியவர் பட்ட பாட்டைக் கேட்டு அவர் மனைவியார் மேலும் அஞ்சுவார் என்றே எண்ணினோம். அம்மையாரோ, "அப்படியானால் முதல் தாளிலேயே ஒரே எழுத்தாகப் போட்டுவிடுவோம்" என்றார். பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தை நம் மேசை மீதே வைத்து, 'இசட்', 'எச்' என்று தம் கையாலேயே எழுதினார்.

எதிர்வீட்டுத் தெலுங்குப் பாட்டியார் குழந்தையை 'ஏடுகொண்டலு' என்றே கொஞ்சுகின்றார். அதற்கும் அவன் சிரிக்கின்றான்.